மேரியக்கா எடுத்த சிவப்பு மேகம்

மகளுக்கு முத்தடுப்பு ஊசி போடுவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குச் செய்தி கிடைத்தது. எனக்கு முன்னால் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மாள் ராஜபாளையத்தில் மேரியக்காவின் தெருக்காரர். திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தவர், "நீ ஸ்டுடியோவுல இருந்த கோமதிதான?" என்றார். ஆமாம் என்றேன். "மேரி போயிட்டாளே. பதினெட்டு நாளாச்சு. ஒனக்கு யாரும் சொல்லலியா?" என்றார். சிறுநீரகம் கெட்டு இரண்டு மாதம் படுக்கையில் இருந்தாராம். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. நர்ஸ் மகளின் தொடையை அசையாமல் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மகள் அழுதாள். நான் அழுதது வீட்டுக்கு வந்த பிறகு, அதுவும் கொஞ்ச நேரம்தான். ஊசிக்குக் காய்ச்சல் வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதிலேயே அன்றைய பொழுது போனது.

முப்பதாம் நாள் பூசைக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று சேலைகூட எடுத்து வைத்திருந்தேன். அன்று காலை மகளுக்கு இருமல். வத்திராயிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். வெளியே தூறல் வேறு. போகவில்லை. "நீ பயப்படாத நாளு எதுடி?" என்று மேரியக்கா கேட்பார். சரியான கேள்விதான். அன்று பூசைக்கு வந்திருந்த உங்களுக்கு, வராமல் போன ஒருத்தி தாமதமாகச் சொல்லிக்கொள்வதுதான் இது. மகள் தூங்கும் மதியங்களில் எழுதுகிறேன். இடையில் பல தடவை எழுந்து போய்விட்டு வந்திருக்கிறேன். கோர்வை இல்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருள்மேரி என்ற முழுப்பெயர் உங்களில் சிலருக்குத்தான் தெரிந்திருக்கும். ராஜபாளையத்தில் கறுப்பு வெள்ளைக் காலத்தில் கல்யாணம் செய்தவர்கள் உங்கள் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோவின் முத்திரை இருக்கும். அந்த முகங்கள் தட்டில் இருந்த திரவத்துக்குள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்ததை முதலில் பார்த்தவர் மேரியக்கா. பிலிம் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் அவர் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், நாளில் முக்கால்வாசியை இருட்டறையில் கழித்தவர். அவர் பெயர் எந்தப் படத்திலும் இருக்காது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தப் படத்தைக் கெடுத்தவள் நான். அதை நானே சொல்லிவிடுவதுதான் முறை.

பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நேரத்தில் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். என் வேலை டச்சிங். நம் ஊரில் மில்லுக்கு உள்ளே மட்டுமா பஞ்சு பறக்கிறது? தெருவிலும் பறக்கும், ஸ்டுடியோவிலும் பறக்கும், நெகட்டிவிலும் வந்து உட்காரும். நெகட்டிவில் ஒரு இழை ஒட்டினால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். மாப்பிள்ளையின் கோட்டில், பெண்ணின் கன்னத்தில், எல்லா இடத்திலும் வெள்ளைப் புள்ளிகள். மயிரிழை முனையுள்ள மூன்று சைபர் பிரஷ்ஷில் சாயத்தைத் தொட்டு அவற்றை ஒவ்வொன்றாக மறைக்க வேண்டும். எனக்குக் கை நிதானம் இருந்தது. முதலாளியும் அதற்காகத்தான் வைத்துக்கொண்டார். "டிகிரி படிச்ச பொண்ணு, பஞ்சு பொறுக்குது பாரு" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முதலாளி கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஷட்டரை அரை நிமிடம் திறந்துவிட்டு, விளக்கு அலங்காரத்தோடு மாதா கோவிலைப் படம் எடுத்திருந்தார். அதைப் பிரிண்ட் போட்ட மேரியக்கா, கோபுரத்துக்கு மேலே வானத்தில் ஒரு மங்கலான திட்டைப் பார்த்தார். தன் தட்டில்தான் ஏதோ கறை என்று நினைத்து, தட்டைக் கழுவி, புதுத் திரவம் கலந்து, மறுபடியும் போட்டார். திட்டு அதே இடத்தில் இருந்தது. அடுத்த பிரேமிலும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் என்னிடம் தந்து மறைக்கச் சொல்லியிருப்பார்கள். அவர் அன்றைக்குச் சாயங்காலம் இருட்டியதும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். மறுநாள் வந்து, "ஏட்டி, வானத்துல வரிசையா மூணு மீனு இருக்குல்லா, அதுக்குக் கீழ ஒண்ணு அழுக்குத் துணி மாதிரி தெரியுதே, அது என்னது?" என்று கேட்டார்.

ஓரியன் நெபுலா என்று சொன்னேன். வாயு மேகம். அதன் நடுவில் புதிதாகப் பிறந்த நட்சத்திரம், ரொம்பச் சூடானது. அந்தச் சூட்டில் சுற்றியுள்ள ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிவிடுகிறது. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் குழாயில் பார்த்த அதே சிவப்பு. நம் கண்ணுக்கு அவ்வளவு மங்கலான வெளிச்சத்தில் நிறம் தெரியாது, கலர் பிலிமில் விழும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "புதுசாப் பிள்ள பொறந்த வீடுன்னு சொல்லு. அதான் சுத்தி ஒரே துணியாக் கெடக்கு" என்றார். பிறகு, "அந்தச் செவப்ப எடுக்கணுமே" என்றார். அன்றிலிருந்து அதே பேச்சுதான்.

கேமரா முதலாளியுடையது. தை பிறந்துவிட்டால் அது ஒரு நாளும் சும்மா இருக்காது, கல்யாணம் கல்யாணமாக ஓடும். மார்கழியில்தான் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழியில்தான் ஓரியனும் முன்னிரவிலேயே நன்றாக ஏறி வருகிறது. நிலா இல்லாத இரவு வேண்டும் என்றால் மார்கழி அமாவாசை ஒன்றுதான். ஆக வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மூன்று இரவு. முதலாளி ஒத்துக்கொண்டார். "கல்யாணப் படமா, எவன் கேக்கப் போறான்? ஒன் பேரையே போட்டுக்கோ மேரிம்மா" என்று அவராகவே சொன்னார். மேரியக்கா இருட்டறைக்குள் போய்விட்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருப்பதால் கேமராவும் கூடவே நகர வேண்டும். அதற்கு இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு நீள போல்ட் போதும் என்று நான் கல்லூரி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் பார்த்திருந்தேன். ஒரு பலகை அசையாமல் நிற்கும். போல்ட்டைத் திருகத் திருக, கேமராவைத் தாங்கிய மேல் பலகை மெல்ல விரியும். வரைந்து கொடுத்தேன். தச்சர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது பெட்டியா, கதவா?" என்றார். "கதவுதான், ரொம்ப மெதுவாத் தெறக்கணும்" என்றார் மேரியக்கா.

ராஜபாளையத்தில் மில் வெளிச்சம் என்பதால் சேத்தூரில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். கீலை வடமீனுக்கு, அதாவது துருவ நட்சத்திரத்துக்கு, நேராக வைக்க வேண்டும். நம் பக்கத்தில் வடமீன் ரொம்பத் தாழ்ந்து நிற்கும். கையை நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முஷ்டியின் உயரம்தான். அக்கா வீட்டு மாடியில் தென்னைகள் அதை மறைத்துவிட்டன. கடைசியில் ஊருக்கு வெளியே நெல் அடிக்கும் களத்துக்குப் போனோம். இரண்டு பெண்கள் தனியாக இருட்டில் நிற்பதா என்று அவருடைய அத்தான் டார்ச்சோடு காவலுக்கு வந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து நொடி எண்ணுவேன். பதினைந்து நொடிக்கு ஒரு தடவை மேரியக்கா போல்ட்டைக் கால் சுற்று திருகுவார். ஐந்து நிமிடம் ஒரு படம்.

"அத்தான், டார்ச்ச அமத்துங்க! படம் போச்சு."

"பாம்பு கீம்பு கெடக்கும்லா. ஒங்களுக்கு என்ன, மேல பாத்துக்கிட்டு நிக்கிய. கீழ பாக்குறது நான்தான?"

"அஞ்சு நிமிசந்தான் அத்தான்."

"வானம் என்ன ஓடியா போயிரும்?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்குத்தான் இம்புட்டுப் பாடு."

அந்த முதல் வருடம் நான்கு படம் எடுத்தோம். கலர் ரோலைக் கழுவ மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே நெகட்டிவைத் துண்டு போடுகிறவருக்குக் கறுப்பு வானத்தில் பிரேம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாப் படத்தையும் நடுவில் வெட்டி, படம் விழவில்லை என்று சீட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. மேரியக்கா இரண்டு பாதிகளையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விழுந்துருக்கு. வெட்டுனவன் மேல தப்பில்ல, அவனுக்கு அடையாளம் வைக்காதது நாமதான்" என்றார்.

அடுத்த மார்கழியில் ரோலின் முதல் பிரேமில் அத்தானை நிறுத்தி பிளாஷ் போட்டு எடுத்தார். ஒரு கையில் டார்ச், தலையில் மப்ளர். "அத்தான் மொகத்தப் பாத்தா அங்கன இருந்து அளந்து வெட்டுவான்" என்றார். அப்படியே நடந்தது. ஆறு வானப் படங்களில் ஐந்து காற்றிலும் கை நடுக்கத்திலும் இழுபட்டிருந்தன. ஒன்று நன்றாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் கண்காட்சி. அங்கே வைப்பதற்கு அந்த நெகட்டிவை மறுபடியும் மதுரைக்கு அனுப்பி, பத்துக்குப் பன்னிரண்டு பிரிண்ட் கேட்டிருந்தோம். கண்காட்சியை நடத்திய டீச்சர் கெட்டி அட்டையில் "படம்: ச. அருள்மேரி, ராஜபாளையம்" என்று எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மேரியக்கா அந்த அட்டையை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, இழுப்பறையை அடிக்கடி திறந்தார்.

பிரிண்ட் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது கண்காட்சிக்கு ஒரு நாள்தான் இருந்தது. மேரியக்கா சேத்தூருக்குப் போயிருந்தார். கவரைப் பிரித்தேன். நடுவில் ரோஜா நிறத்தில் அந்த மேகம், அதற்குள் வெள்ளையாக நட்சத்திரம். அவ்வளவு சிவப்பு இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. ஆனால் படம் முழுக்கப் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். வழக்கமான பஞ்சு என்று நினைத்தேன். அவர் வருவதற்குள் சுத்தமாக்கி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று மீன்களையும், அவற்றின் கீழே எனக்குக் கண்ணால் பார்த்துத் தெரிந்தவற்றையும் விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு புள்ளியையும் கறுப்புச் சாயத்தால் மறைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வானம் துணி விரித்த மாதிரிக் கறுப்பாக, மேகம் மட்டும் தனியாக, அவ்வளவு அழகாக இருந்தது.

மேரியக்கா வந்தார். படத்தைக் கையில் வாங்கினார். பிறகு நெகட்டிவை எடுத்து லைட் பெட்டியில் வைத்து, லென்ஸால் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சில புள்ளிகள் இழை இழையாக நெகட்டிவின் மேல் ஒட்டியிருந்தன, அவை பஞ்சு. ஆனால் பெரும்பாலானவை பிலிமுக்குள்ளேயே பதிந்த கறுப்புப் புள்ளிகள்; நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும். நட்சத்திரங்கள். ஐந்து நிமிடம் சேர்த்த வெளிச்சத்தில் மேகத்தின் சிவப்பு விழுமானால், கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் விழும். நொடி எண்ணியவள் நான், பௌதிகம் படித்தவள் நான். எனக்குத் தோன்றவில்லை.

"வானத்தக் கூட்டிப் பெருக்கி வச்சிருக்கியேடி" என்றார்.

நான் அழுதேன். "அங்கிட்டுத் தள்ளி நின்னு அழு. படத்து மேல சொட்டுனா சாயம் ஊறிரும்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதைத் தூக்கி என் மேல் போடவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி வந்து பார்த்தார். அவருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. "அய்யே, இதப் போயி வேண்டாங்கியா? இப்பத்தான் பாக்கச் சுத்தமா இருக்கு. எண்ணிப் பாக்கவா போறானுவ?" என்றார். மறுநாள் காலை கண்காட்சி. வேறு பிரிண்ட் வர ஒரு வாரமாகும். மேரியக்கா இழுப்பறையைத் திறந்து பெயர் அட்டையைப் பார்த்தார். மூடினார். "கல்யாணப் பொண்ணு மொகத்துல இருக்குற பரு நாளைக்குப் போயிரும், மறைக்கலாம். இது அங்க இருக்குறது மொதலாளி. இல்லன்னு சொல்லி எம் பேரப் போட மாட்டேன்" என்றார். கண்காட்சியில் படத்துக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் யாரோ செய்த எரிமலை மாதிரியை வைத்தார்கள். அது புகை விடவும் இல்லை என்று டீச்சர் பிறகு சொன்னார்.

மூன்றாவது மார்கழிக்கு முதலாளியிடம் மறுபடி கேமராவைக் கேட்டு வாங்கினார். "கடேசித் தடவ" என்று சொல்லித்தான் கொடுத்தார். எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த மார்கழிக்கு நான் நொடி எண்ண இருக்க மாட்டேன். முதல் இரண்டு இரவும் மேகம். மூன்றாவது இரவு எட்டு மணிக்கு மேல் மலைப் பக்கமிருந்து காற்று அடித்து மேகம் விலகியது. போல்ட்டைத் திருகும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்று நான் விரல் மடக்கி எண்ணினேன். அத்தான் டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு படங்கள் தேறின. இந்தத் தடவை மேரியக்கா இரண்டிலிருந்தும் பிரிண்ட் கேட்டார். இரண்டிலும் இருப்பது நட்சத்திரம். ஒன்றில் மட்டும் இருப்பது பஞ்சு. ஒரே இழை இரண்டு நெகட்டிவில் ஒரே இடத்தில் போய் உட்காராது. பி.எஸ்ஸி.யில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

அந்த வருடக் கண்காட்சியில் படம் மாட்டப்பட்டது. கீழே பழைய பெயர் அட்டை. மேரியக்கா ஒரு ஓரமாக நின்று, படத்தைப் பார்க்காமல், பார்க்க வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளோடு வந்த ஒரு அம்மாள், "இது எந்த ஊருப் பூவு?" என்று கேட்டார். "நம்ம ஊருக்கு மேலதாம்மா. இருட்டுனப் பொறவு வாசல்ல வந்து நில்லுங்க, மூணு மீனுக்குக் கீழ. ஆனா இம்புட்டுச் செவப்பாத் தெரியாது, சொல்லிட்டேன்" என்றார் மேரியக்கா.

கல்யாணமாகி நான் வத்திராயிருப்புக்கு வந்துவிட்டேன். மகள் பிறந்தபோது பார்க்க வந்தார். மகளின் இமையில் சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் அதைக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் பிள்ளையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "அடுத்த மாசம் வாரேன், அப்பவும் பாப்போம். ஒரு தடவ பாத்துட்டு ஒப்பாரி வைக்காத" என்றார். அடுத்த மாதம் வந்தார். திட்டு பாதியாக மங்கியிருந்தது. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். போக வேண்டும், போக வேண்டும் என்றிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு ஏதோ ஒன்று.

படுக்கையில் இருந்தபோது என்னைத் தேடினாரா, நான் வரவில்லை என்று நினைத்தாரா என்று அவருடைய அக்காவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். "கேட்டாப்லயும் இருக்கு, கேக்காதாப்லயும் இருக்கு. கடேசில அவ பேசுனது ஒண்ணும் வெளங்கல" என்று ஒருவரிடம் சொல்லி எழுதி அனுப்பியிருந்தார். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழியில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் படத்தின் இன்னொரு பிரதி. என் கல்யாணத்துக்குக் கொடுத்தார். அதைத் தயார் செய்த நாளில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குண்டூசி முனையால் ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேகத்துக்கு இடப்பக்கம் ஒரு புள்ளி. ஒரு படத்தில் தெளிவாக இருந்தது. இன்னொன்றில் இருப்பது மாதிரியும் தெரிந்தது, இல்லாத மாதிரியும் தெரிந்தது. மேரியக்காவைக் கூப்பிட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், திரும்ப மேசையில் வைத்தார்.

"விட்டுரு" என்றார். "பஞ்சா இருந்தா யாருக்கு என்ன நட்டம்? மீனா இருந்துச்சுன்னா, இருக்குறத நாம தொடச்சதாயிரும்."

நான் பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். படம் இப்போது எங்கள் வீட்டில் மகளுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டியிருக்கிறது. அவள் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டாள். தூசியை ஊதுகிற மாதிரி அதை ஊதிப் பார்க்கிறாள். அது போகவில்லை என்று என்னைத் திரும்பிப் பார்க்கும்போது, இருக்கட்டும் என்று சொல்லுகிறேன்.